அம்மாவின் உரிமைத் தொகையில் மாதம் 590 ரூபாயை வங்கி பிடிக்கிறது: திரும்பப் பெற வழி உண்டா?

காசிமேட்டு மகள்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு காசிமேட்டில், எஸ்.என். செட்டி தெருப் பக்கம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பாஸ்புக்கில் உள்ள எண்களைத் தாமே கூட்டிப் பார்த்துவிடுவார். ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தால் மட்டும் என்னிடம் நீட்டுவார்.

அம்மாவுக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடக்கத்திலிருந்தே கல்மண்டபம் பக்கம் உள்ள ஓர் அரசு வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. பிறகு மாதவரத்தில் ஒரு பேக்கிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்துக்காக அந்த நிறுவனமே ஒரு தனியார் வங்கியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது. ஆதாரையும் அப்போது வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து உரிமைத் தொகையும் அந்தக் கணக்குக்கே வரத் தொடங்கிவிட்டது.

முழங்கால் வலியால் அம்மா வேலையை விட்டார். சம்பளம் நின்றதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றியிருக்கிறது. மாதச் சராசரி இருப்பு 10,000 ரூபாய் வேண்டுமாம். எங்கள் வீட்டில் யாருடைய கணக்கிலும் அவ்வளவு பணம் ஒரு மாதம் முழுக்க நின்றதில்லை. ஐந்து மாதங்களாக மாதம் 500 ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 590 ரூபாய் போகிறது. மொத்தம் 2,950 ரூபாய். அம்மா பணத்தை எடுத்துவிட்ட ஒரு மாதத்தில் 10 ரூபாய்தான் மீதி இருந்தது. அதிலும் 590 ரூபாயைக் கழித்து, இருப்பு மைனஸ் 580 என்று காட்டியது. அடுத்து வந்த 1,000 ரூபாயில் அதை எடுத்துக்கொண்டு 420 ரூபாயை விட்டார்கள்.

இதில் இரண்டு மாதங்கள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் ஆயிரம் ரூபாய் என்பது எங்களுக்கு அரிசி, எண்ணெய், கேஸ்.

கிளையில் கேட்டால், “கம்ப்யூட்டர் தானாகப் பிடிக்கிறது, எங்கள் கையில் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறோம்” என்கிறார்கள். கணக்கில் பதிவான கைபேசி எண் அம்மாவுடையதே அல்ல, அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருடையது. இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கேட்பது?

---

வண்ணை காசாளர்:

மகளே, உரிமை இருக்கிறது. நான் பணியில் இருந்த காலமெல்லாம் ராயபுரத்திலும் மின்ட் பக்கத்திலும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் எண்ணியவள். ஏலம் முடிந்து நேராக வரும் பெண்கள் நீட்டும் நோட்டு ஈரமாக இருக்கும், உப்பு மணக்கும். அந்த நோட்டை எண்ணி வாங்கிய எனக்கு, அதை உழைத்துச் சேர்த்தவரிடம் “கம்ப்யூட்டர் பிடிக்கிறது” என்று சொல்வதைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கிறது. கம்ப்யூட்டருக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது வங்கி. திருப்பி வரவு வைக்கவும் அந்த வங்கியால் முடியும்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் விதிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதில் உங்களுக்குத் தேவையானவை மூன்று.

இருப்பு குறைந்தவுடன் அபராதம் போட முடியாது. “உங்கள் கணக்கில் இருப்பு குறைந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம் வரும்” என்று குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் போன்ற ஏதாவது ஒரு வழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம், அதையும் தெரிவித்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அறிவிப்பு அனுப்பியதைக் காட்ட வேண்டியது வங்கியின் பொறுப்பு. “அனுப்பினோம்” என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, என்ன வாசகம் என்று எழுத்தில் கேளுங்கள். மேற்பார்வையாளர் எண்ணுக்குப் போயிருந்தால் அதை அவர்கள் கையாலேயே எழுதித் தரட்டும். வாடிக்கையாளரிடம் சேராத அறிவிப்பு எப்படி அறிவிப்பாகும் என்று அதன்பின் நாம் கேட்கலாம். “விண்ணப்பத்தில் அந்த எண்தானே இருக்கிறது” என்று அவர்கள் வாதிடுவார்கள். அதற்காகக் கணக்குத் தொடங்கிய படிவத்தின் நகலையும் கேளுங்கள். அதை நிரப்பியது யார் கையெழுத்து என்பது அதிலேயே தெரியும்.

இரண்டாவது, மைனஸ். இதுதான் உங்களிடம் இருக்கும் மிக வலுவான சான்று. இருப்புக் குறைவுக்கான அபராதம் ஒன்றினாலேயே சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. 10 ரூபாய் இருந்த கணக்கில் 590 ரூபாய் கழித்து மைனஸ் 580 காட்டியது அப்பட்டமான மீறல். அந்தப் பக்கத்தை இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, அபராதம் குறைவுத் தொகையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பத்தாயிரத்தில் நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஒன்பதாயிரம் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் போடக் கூடாது. ஆனால் இதை உங்கள் முதன்மை வாதமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. படிநிலை வைத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி உண்டு. அம்மாவின் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததால், மேல் படிக்குரிய கட்டணத்தையே பிடித்தோம் என்று சொல்லிவிடுவார்கள். அறிவிப்பையும் மைனஸையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். “தயவுகூர்ந்து கருணை காட்டி” என்றெல்லாம் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

“என் கணக்கில் இன்னின்ன தேதிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மொத்தம் 2,950 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. பிடிப்பதற்கு முன் ஒரு மாத அவகாசத்துடன் எனக்கு எந்த அறிவிப்பும் வந்து சேரவில்லை. இன்ன தேதியில் இந்த அபராதத்தால் மட்டுமே என் இருப்பு மைனஸ் 580 ஆனது. இவை ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைக்கு முரணானவை. முழுத் தொகையையும் ஜிஎஸ்டியுடன் சேர்த்து என் கணக்கில் திரும்ப வரவு வைக்குமாறு கோருகிறேன். சம்பளக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றியதை எப்போது, எவ்வழியில் எனக்குத் தெரிவித்தீர்கள் என்பதையும், அபராதத்துக்கான அறிவிப்பு அனுப்பிய பதிவையும் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டுகிறேன்.”

கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும், கணக்கு அவருடையது. இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாள் கணக்கு ஓடும். அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் தேவையில்லை, வழக்கறிஞர் வழியாகக் கொடுத்தால் ஏற்கவே மாட்டார்கள்.

ஒரு விஷயம். நம் பக்கத்து ஆட்கள் ரிசர்வ் வங்கி என்றதும் ராஜாஜி சாலைக்கு நேரில் கிளம்பிவிடுவார்கள், பக்கத்தில்தானே இருக்கிறது என்று. 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் வந்த பிறகு புகார்களை வாங்குவது ஒரே மையம், அது சண்டிகரில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், அல்லது சண்டிகர் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். தபால் என்றால் தமிழில் எழுதினாலும் போதும். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம்.

---

ஈஸ்ட் ஹாம் தண்டையார்ப்பேட்டைக்காரன்:

காசாளர் அம்மா சொன்னதற்கு வெளியூரிலிருந்து ஒரு சாட்சி. நான் லண்டனின் கிழக்குப் பகுதியில் இருக்கிறேன். இங்கே முன்பெல்லாம் கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் போனால் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடுவார்கள். அது நியாயமற்ற தொகை என்று ஆயிரக்கணக்கானோர் மாதிரிக் கடிதம் எழுதித் திரும்ப வாங்கினார்கள். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009 நவம்பரில் வங்கிகளுக்குச் சாதகமாக முடிந்தது. கட்டணத்தின் அளவு நியாயமா என்பதை அந்த நுகர்வோர் விதிகளின்படி ஆராய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் நிதி ஒழுங்குமுறை அமைப்பு புதிய விதி கொண்டுவந்த பிறகுதான் அனுமதியற்ற ஓவர்டிராஃப்ட்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் போடும் பழக்கம் ஒழிந்தது.

தொகை அதிகம் என்று வாதாடுவதைவிட விதியை எங்கே மீறினார்கள் என்று காட்டுவதே பலன் தரும். இணையத்தில் கிடைக்கும் இங்கிலாந்து மாதிரிக் கடிதங்களைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். அவற்றில் உள்ள சட்டங்கள் இந்தியாவில் செல்லாது.

---

வியாசர்பாடி அண்ணன்:

தங்கச்சி, என் அனுபவம் கொஞ்சம் வேறு. பழைய வேலையின் கணக்கு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடவே இல்லை. திடீரென்று பார்த்தால் இருந்த பணம் முழுவதும் அபராதமாகப் போயிருந்தது. இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் பரிவர்த்தனை எதுவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்கு, அதில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதமே சொல்லிவிட்டது. இதை ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்தேன். செயல்படாத கணக்கான பிறகு பிடித்த தொகை திரும்ப வந்தது, அதற்கு முன் பிடித்தது வரவில்லை. உங்கள் அம்மாவின் கணக்குக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

---

எம்.சி. ரோடு தையல்காரர்:

அம்மா, என் பிரச்சினையையும் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்கவும். இருசக்கர வாகனக் கடனுக்கு மாதத் தவணை 5ஆம் தேதி தானாகக் கணக்கில் பிடிக்கப்படும். கடை முதலாளி சம்பளம் தருவது 8ஆம் தேதி. போன மாதம் அந்த இடைவெளியில் நிதி நிறுவனம் மூன்று முறை வங்கிக்கு அனுப்பியிருக்கிறது. மூன்று முறையும் பணம் இல்லை என்று திரும்பியது. வங்கி ஒவ்வொரு முறைக்கும் 590 ரூபாய் பிடித்தது. நிதி நிறுவனம் தனியாக ஓர் அபராதம் போட்டது. இதற்கும் அந்தச் சுற்றறிக்கை உதவுமா?

---

வண்ணை காசாளர்:

தம்பி, உதவாது. அது இருப்புக் குறைவு அபராதத்துக்கு மட்டும். உங்களுடையது தானியங்கித் தவணை திரும்பியதற்கான கட்டணம். முதல் முறை திரும்பியதற்கு வங்கி போட்ட கட்டணத்தைத் திரும்பப் பெறுவது கடினம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரே தவணைக்காக மூன்று நாட்களுக்குள் மூன்று முறை அனுப்பியது யார் முடிவு? நிதி நிறுவனத்துடையது. ஆகவே இரண்டு கடிதம் எழுதுங்கள். வங்கியிடம் ஒவ்வொரு முறை திரும்பிய தேதியையும் காரணத்தையும் எழுத்தில் வாங்கி, இரண்டாவது, மூன்றாவது கட்டணங்களைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். நிதி நிறுவனத்திடம், மீண்டும் மீண்டும் அனுப்ப ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் சம்மதம் பெற்றீர்கள் என்று கேளுங்கள். கடன் கணக்கில் போடும் அபராதம் நியாயமான அளவில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அதை அசலோடு சேர்த்து மேலும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை சொல்கிறது.

அதோடு தவணைத் தேதியை 10க்கு மாற்றச் சொல்லி இன்றே விண்ணப்பம் கொடுங்கள். சம்பளத்துக்கு முன்னால் தவணைத் தேதி இருக்கும்வரை இது ஒவ்வொரு மாதமும் நடக்கும்.

காசிமேட்டு மகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய பணத்தைக் கேட்கும் அதே வேளையில், அடுத்த மாதம் வரும் ஆயிரத்தைக் காப்பாற்றுங்கள். உரிமைத் தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். நிறுவனம் கணக்குத் தொடங்கியபோது இணைப்பு அங்கே மாறிவிட்டது. கல்மண்டபம் பக்கம் உள்ள பழைய வங்கிக்கு அம்மாவை அழைத்துப் போய், அரசு உதவித்தொகை பெறுவதற்காக ஆதாரை இங்கே இணைக்கவும் என்று ஒப்புதல் படிவம் கொடுங்கள். மாறியதா என்பதை மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்க்கலாம். மாறியதை உறுதி செய்யாமல் தனியார் வங்கிக் கணக்கை மூடாதீர்கள், தொகை வழியில் நின்றுவிடும்.

அந்தப் பழைய கணக்கிலும் குறைந்தபட்ச இருப்பு விதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025இல் கைவிட்டன. உங்கள் வங்கியில் அந்த விதி இருந்தால் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். 2012இலிருந்து எல்லா வங்கியிலும் இருக்கிற கணக்கு அது. இருப்பு எதுவும் தேவையில்லை, ஏடிஎம் அட்டை இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமில்லாமல் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. கவுன்டரில் யாரும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நான் பணியில் இருந்தபோது என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன், மேலதிகாரிகள் முகம் சுளித்தாலும்.

---

காசிமேட்டு மகள்:

காசாளர் அம்மா, நன்றி. கடிதம் கொடுத்தோம். முத்திரை போட முதலில் மறுத்தார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறோம் என்று சொன்னதும் போட்டுத் தந்தார்கள். ஆதார் இணைப்பும் பழைய வங்கிக்கு மாறிவிட்டது.

இன்று கிளையிலிருந்து அழைத்தார்கள். நல்லெண்ண அடிப்படையில் 1,180 ரூபாய் தருகிறார்களாம். அதற்கு, “என் புகார் முழுமையாகத் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். அறிவிப்பு அனுப்பிய பதிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா, “வந்தவரைக்கும் வாங்கிக்கொள்ளலாம்” என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தமிழக அரசின் புகார் எண்ணான 1100க்கு அழைக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

---

வண்ணை காசாளர்:

கையெழுத்துப் போட வேண்டாம். 1,180 என்பது இரண்டு மாதத்து அபராதம். மைனஸ் ஆன மாதத்தையும் இன்னொரு மாதத்தையும் கொடுத்து மற்ற மூன்றையும் மூடப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதிவு அவர்களிடம் இருந்திருந்தால் அதை நீட்டியிருப்பார்கள், பணத்தை நீட்டியிருக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. “1,180 ரூபாயைப் பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதம். மீதி 1,770 ரூபாய்க்கான என் புகார் தொடர்கிறது. அறிவிப்புப் பதிவை இன்னும் நீங்கள் தரவில்லை” என்று எழுதி, அதிலும் முத்திரை வாங்குங்கள். முழுத் தீர்வு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் அவர்கள் முதலில் காட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அவர்கள் சொன்னது தொலைபேசியில். அதே சலுகையை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

1100க்கு அழைப்பதில் தவறில்லை. 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கிய உடனேயே சில வங்கிகள் இப்படிப் பிடித்தன. அப்போது நிதி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, பயனாளிகளின் தொகையில் வங்கிகள் எதையும் கழிக்கக் கூடாது என்று சொல்லி, 1100இல் புகார் தரச் சொன்னார். ஆனால் வங்கியைக் கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கி. 1100 புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அது போதும் என்று இருந்துவிடாமல், முத்திரைத் தேதியிலிருந்து 30 நாள் முடிந்த மறுநாளே குறைதீர்ப்பாளரிடம் பதியுங்கள். முத்திரையிட்ட கடிதம், ஐந்து மாதப் பாஸ்புக் பக்கங்கள், மைனஸ் காட்டும் பக்கம், கணக்குப் படிவ நகல், இன்று நீங்கள் எழுதப்போகும் பதில் ஆகிய இவ்வளவும் சேர்த்தால் போதும். பதியும்போது எங்காவது தடுமாறினால் இங்கேயே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.